கொம்பு இருந்த இடம்

தூசி துடைத்த துணி பட்டு, சிவப்புக் கொம்பு தரையில் விழுந்தது.

நுன்சியா பதறிப்போய் எடுத்தாள். விரல் நீளத்துக்கு, வளைந்த மிளகாய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கொம்பு. கண் திருஷ்டிக்கு இதை மாட்டாத வீடோ கடையோ நேப்பிள்ஸில் கிடையாது. இயற்பியல் ஆய்வகம் மட்டும் விதிவிலக்கா என்ன?

கொம்பைத் தனக்குத்தானே வாங்கிக்கொண்டால் பலிக்காது. யாராவது பரிசாகத் தர வேண்டும். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று புரொபசர் கார்மினே தந்த கொம்பு இது. திரவ ஹீலியக் கலத்தைச் சுற்றியிருக்கும் உலோகக் கவசத்தில் அவரே ஒட்டினார். அளவீடு நடக்கும்போது யாரும் அதைத் தொடக்கூடாது என்றார்.

அதன் ராசியும் லேசுப்பட்டதல்ல.

கலத்துக்குள் இரண்டு மீக்கடத்திகள், நடுவில் மெல்லிய காந்தப் படலம். வெளியிலிருந்து காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்தால், தடையின்றிப் பாயும் மின்னோட்டம் திரையில் ஒரு வரைகோடாக ஏறி இறங்கும். படலமும் ஒரு காந்தம் என்பதால், அந்த வரைகோட்டின் உச்சி பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும். படலத்தின் காந்தத் திசையைத் திருப்பினால் உச்சியும் மறுபக்கம் போக வேண்டும்.

இவர்களுடையது மட்டும் போகவில்லை. எப்படித் திருப்பினாலும் அதே பக்கம், அதே இடம்.

அதுதான் கண்டுபிடிப்பு. கட்டுரை வெளிவந்துவிட்டது, முதல் பெயர் நுன்சியாவுடையது. உச்சி ஏன் நகரவில்லை என்று மூன்று நாட்டு மேதைகள் மூன்று விதமாக விளக்கம் எழுதிவிட்டார்கள். நாளை ரோமிலிருந்து குழு வருகிறது. அவர்கள் தலையசைத்தால் ஆய்வகத்துக்கு நிதி, அவளுக்கு நிரந்தர வேலை. இல்லையென்றால் மறுபடி அண்ணன் வீட்டு சோபா, அண்ணியின் முகம்.

கருவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நுன்சியா திரையைப் பார்த்தாள்.

படலத்தில் காந்தமே இல்லாததுபோல, உச்சி பூஜ்யத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

கையிலிருந்த கொம்பைத் திருப்பினாள். பின்னால் பொத்தான் அளவில் ஒரு காந்தம். அது அங்கே இருப்பது எல்லோருக்கும் தெரியும். பின்னே எப்படி ஒட்டும்? காந்தப்புலத்தை அளக்கிற இடத்தில் காந்தத்தை ஒட்டியிருக்கிறோமே என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் அது ராசி.

அவசரமாகத் திரும்ப ஒட்டினாள். உச்சி நகர்ந்தது, ஆனால் கட்டுரையில் போட்ட இடத்துக்கு வரவில்லை. கொஞ்சம் மேலே ஒட்டினாள். தாண்டிப் போனது. கீழே இறக்கினாள். பாதியில் நின்றது.

புரொபசர் இரண்டு காப்பியோடு உள்ளே வந்தார்.

“கொம்பைத் தொட்டியா?”

“சார், இதை எடுத்தா உச்சி பூஜ்யத்துக்குப் போயிடுது.” கொம்பைப் பிடுங்கி அவரிடம் காட்டினாள். “நாம ஒண்ணுமே கண்டுபிடிக்கல சார். எல்லாம் இந்தப் பாழாப்போன மிளகா பண்ண வேலை.”

அவர் கத்துவார், இல்லை இடிந்துபோய் நாற்காலியில் உட்காருவார் என்று நினைத்தாள். அவர் ஒரு கோப்பையை அவளிடம் நீட்டினார். கொம்பை வாங்கினார். கவசத்தின் பக்கம் திரும்பாமலே, பேச்சுவாக்கில் பேனாவைப் பையில் செருகுவதுபோல ஒரு கையால் ஒட்டினார். அதன் நுனியைச் சுண்டுவிரலால் இடப்பக்கம் லேசாகத் தள்ளிவிட்டார்.

“இப்ப ஓட்டிப் பாரு.”

கோடு ஏறியது. உச்சி, கட்டுரையில் அச்சான அதே இடத்தில் வந்து நின்றது. மயிரிழை பிசகவில்லை.

நுன்சியா திரையைப் பார்த்தாள். பிறகு அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தாள். காப்பி கையைச் சுட்டது.

“என்னை ஏம்மா பாக்குற?” புரொபசர் சர்க்கரையைக் கலக்கினார். “அது உன் கொம்பு. உனக்குத்தானே கொடுத்தேன்?”