கூடுதல் ஐம்பத்திரண்டு கிலோ

கல்கத்தாவில், டாக்குரியாவிலிருந்த பழைய வீட்டுத் தோட்டத்துப் பாறையைக் கிரேன் தூக்கியபோது திரையில் 1,240 கிலோ என்று காட்டியது. புது வீட்டுக்கு இது எதற்கு என்று சாவித்ரி வழக்கம்போல் முணுமுணுத்தாள். மஹாதேவன் மனைவியையே லாரியின் பின்னால் ஏற்றினார்.

"கீறல் விழாம பிடிச்சுண்டு உக்காரு."

லாரி வழியில் எங்கும் நிற்கவில்லை. அவர் காரில் பின்னாலேயே வந்தார். ஜாதவ்பூரில் புது வீட்டு வாசலில் பின்கதவைத் திறந்தபோது பாறை இருந்தது, பக்கத்தில் அவளுடைய செருப்பு இருந்தது. கிரேன் மறுபடி தூக்கியது.

"ஐம்பத்திரண்டு கிலோ கூடியிருக்கே, தாதா" என்றார் கிரேன்காரர் வங்க மொழியில்.

போன வாரம் டாக்டர் சாவித்ரியை எடை பார்த்துச் சொன்ன அதே எண்.

மஹாதேவன் பாறையைச் சுற்றி வந்து பார்த்தார். கீறல் இல்லை. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார்.

"இல்லேன்னா நாள் பூரா பேசிண்டே இருப்பா" என்று தமிழில் சொல்லிக்கொண்டார்.