சைபருக்கு நேரே பன்னிரண்டு

"எலே கருணாகரா, உனக்கு வயசு கூடக்கூட உன் அப்பனுக்கு வயசு குறையுமாலே? லோகத்துல எங்கயாவது அப்பிடி உண்டா?"

கணக்கு வாத்தியார் தாணுலிங்கம் பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது. கரும்பலகையில் கருணாகரன் போட்ட கோடு மேலே ஏறாமல் கீழே சறுக்கிக்கொண்டு போயிருந்தது.

அல்ஜிப்ராவில் கிராஃப் என்று புதிதாக ஒரு பாடத்தைச் சேர்த்துவிட்டு மகாராஜா சர்க்கார் பாட்டுக்குத் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. நெய்யாற்றின்கரைப் பையன்களோடு மல்லுக்கட்டுவது யார்? எக்ஸ், ஒய் என்றால் பேந்தப் பேந்த விழிக்கிறார்கள். சரி, எக்ஸ் உன் வயசு, ஒய் உன் அப்பன் வயசு, வித்தியாசம் ஒருநாளும் மாறாது என்று காலையிலிருந்து கத்துகிறார். மண்டையில் ஏறினால்தானே!

அதுவும் இன்றைக்குப் பார்த்து. ஓரத்து நாற்காலியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தாணுலிங்கம் பிள்ளையின் சர்வீஸ் புத்தகம். இருபத்தைந்து வயது தாண்டாதவருக்கே என்ற நிபந்தனையில் கிடைத்த வேலை. மூன்று வருடமாகத் தற்காலிகம். இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி என்றால் இன்றே நிரந்தரம். இல்லையென்றால் நாளை முதல் பாறசாலையில் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

அடுத்து வந்த கிருஷ்ணன்குட்டி, தனக்கு நாற்பத்திரண்டு, அப்பாவுக்குப் பதினைந்து என்று புள்ளி வைத்தான். ஐந்தாம் பாரத்து வகுப்பு முழுவதும் சிரித்தது. தாணுலிங்கம் பிள்ளையின் கை பிரம்புக்குப் போய், இன்ஸ்பெக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்து, கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்திருந்த பூதலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"அவன் வேண்டாம் சாரே," என்றார் தாணுலிங்கம் பிள்ளை அவசரமாக. "சுயபுத்தி கிடையாது. சொல்லிக்குடுத்ததை அப்பிடியே ஒப்பிக்கிறவனாக்கும்."

இன்ஸ்பெக்டர் கேட்பதாயில்லை. பையன் வந்தான். வயது கேட்டதற்குப் பதினாறு என்றான். அப்பாவுக்கு என்றதும் கொஞ்சம் தயங்கி, இருபத்தெட்டு என்றான். தாணுலிங்கம் பிள்ளை பலமாக இருமினார். பையன் அதைக் காதில் வாங்கவில்லை.

பதினாறுக்கு நேரே இருபத்தெட்டில் ஒரு புள்ளி. பதினேழுக்கு நேரே இருபத்தொன்பதில் இன்னொன்று. அளவுகோலை வைத்து ஒரே இழுப்பு. அப்பாடா, காலையிலிருந்து வந்த முதல் நேர்கோடு! அதை அவன் இடது பக்கமாக நீட்டிக்கொண்டே போக, சைபருக்கு நேரே பன்னிரண்டில் போய் முட்டியது.

இன்ஸ்பெக்டர் எழுந்தே வந்துவிட்டார். "நல்லா போட்டிருக்கே. இந்தப் பன்னிரண்டு என்னது?"

"நான் பிறக்கும்போ அப்பாவுக்கு உள்ள வயசு, சாரே."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்தது. கோட்டில் தப்பில்லை, அப்பாவின் வயதில்தான் ஏதோ தப்பு, உனக்கு யார் சொன்னது என்று தட்டிக்கொடுத்துக் கேட்டார்.

பூதலிங்கத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பித் தாணுலிங்கம் பிள்ளையைப் பார்த்தான்.

"நீங்கதானே அப்பா சொன்னது, சர்க்கார் ஆளு ஆரு கேட்டாலும் இருபத்தெட்டுண்ணு சொல்லணும்ணு?"