குதிரை உயரம்

ஆறு தெரியவில்லை.

ஓவியத்தில் இருக்கிறது. இடது மூலையிலிருந்து வளைந்து வந்து மந்தையின் கால்களுக்கு அடியில் மின்னுகிறது.

அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு வெளியைப் பார்த்தாள். மொட்டைக் குன்று இருந்தது. அதன் தோளில் உள்ள வெட்டும் அப்படியே இருந்தது. நடுவே சாம்பல் பச்சையில் புதர்கள். அவள் நெற்றி வரை புதர்கள்.

அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தில் இது கடைசிப் பலகை.

நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்பு இங்கே குதிரையில் மாடு மேய்த்துத் திரிந்தவர் பின்னாளில் ஓவியரானார். அவர் வரைந்த காட்சிகளை, அவர் கண்ட இடங்களிலேயே சாலையோரப் பலகைகளில் பதித்து வைத்திருக்கிறார்கள். காரில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

போன கோடையில் கணவரோடு போனாள். இந்த ஒன்றுக்கு மட்டும் வர முடியவில்லை. மழையில் மண் சாலை களியாகிவிட்டிருந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் காரைத் திருப்பினார்.

மார்கழியில் அவர் போய்விட்டார்.

தனியாக எதற்கு என்றான் மகன். நாத்தனார் செண்பகத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள். விமானத்தில் வந்திறங்கி, வாடகைக்குக் கார் எடுத்து, நேரே இங்கே ஓட்டி வந்தாள். சரளைக் கற்கள் காரின் வயிற்றில் அடித்தபோதும் வேகத்தைக் குறைக்கவில்லை.

அவர் பார்க்காமல் விட்டதைப் பார்த்துவிட வேண்டும்.

செண்பகம் முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கி வந்தாள். அண்ணனைப் போலவே நெட்டை.

"இந்தா கெடக்குல்லா ஆறு. என்னத்த மதினி தேடுதீங்க?"

அவள் அந்தத் திசையில் பார்த்தாள்.

புதர்.

போன கோடையிலும் இப்படித்தான். ஒவ்வொரு பலகையிலும் அவர் கையை நீட்டுவார். தெரிகிறதா என்பார். தெரிகிறது என்பாள். அவர் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காக. இல்லையென்றால் வெயிலில் நிறுத்தி இன்னொரு முறை விளக்குவார் என்பதற்காகவும்.

"எனக்குத் தெரியல," என்றாள்.

சொல்லிவிட்டுப் பலகையின் பக்கம் குனிந்தாள்.

பலகையின் அடியில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தது. இவற்றையெல்லாம் ஓவியர் முதுமையில், நகரத்து வீட்டில் உட்கார்ந்து, நினைவிலிருந்து வரைந்தாராம். அதற்குள் மந்தைகள் போய்விட்டன. கம்பி வேலிகள் வந்துவிட்டன. அக்கரைக் கூடாரங்களில் வாழ்ந்த பழங்குடிகளை வேறெங்கோ விரட்டிவிட்டார்கள்.

படத்தில் எல்லாம் இருந்தன. கூடாரங்களின் புகைகூட.

மாடுகளின் முதுகு தெரிகிறது. குதிரைமேல் இருக்கும் ஆட்களின் தொப்பி அவள் கண்ணுக்கு நேரே இருக்கிறது.

நினைவில் அந்த ஓவியர் குதிரையிலிருந்து இறங்கவே இல்லை.

அவள் காரிடம் போனாள். செருப்பைக் கழற்றினாள். முன்பக்கத்தில் ஒரு முழங்காலை ஊன்றினாள்.

செண்பகம் பதறினாள். வாடகைக் கார் என்றாள். தகடு நெளிந்தால் யார் தண்டம் அழுவது, இந்த வயதில் இடுப்பு ஒடிந்தால் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது என்றாள். சொல்லிக்கொண்டே தோளைக் கொடுத்தாள்.

"எங்க அண்ணன் பாவம். மோன்டானாவுல மாடு மேய்ச்சிருந்தாக்கூட இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது."

அவள் காரின் கூரைமேல் நிமிர்ந்து நின்றாள். உள்ளங்கால் சுட்டது.

ஆறு இருந்தது.

புதர்களுக்கு அப்பால், பள்ளத்தில், நல்ல அகலமாக. இரண்டு வளைவுகள். படத்தில் உள்ள அதே மணல்திட்டு. அக்கரையில் யாருமில்லை.

கால் மாற்றி மாற்றி நின்று பார்த்தாள்.

முதல் பலகையில் ஓர் ஏரி. அடுத்ததில் காட்டெருமைகள் இறங்கிய சரிவு. அதற்கும் அடுத்ததில் ஒரு பழைய கோட்டையின் அடிச்சுவர். கணவர் கையை நீட்டி நீட்டிக் காட்டினார்.

இறங்கினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு காரைக் கிளப்பினாள்.

மண் சாலை முடிந்து கூட்டுரோடு வந்தது. வலப்பக்கம் விமான நிலையம். இடப்பக்கம் போனால் முதல் பலகை.

அவள் இடப்பக்கம் திருப்பினாள்.

சாயங்காலம் ஊர் திரும்பும் விமானம் என்று செண்பகம் நினைவூட்டினாள். அது போனால் போகட்டும் என்றாள் இவள்.

"நீ வெளியில பாத்துக்கிட்டே வா. ஏணி விக்கிற கடை கண்ணுல பட்டா சொல்லு."