புள்ளி வைக்காத துண்டு

"மூடிய இறுக்கி மூடுங்க. போன தடவையும் காஞ்சுபோய்த்தான் வந்துச்சு."

"சரிங்க டீச்சர்" என்றான்.

மனைவியுடைய சிவப்பு நெயில் பாலிஷைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினான்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால், முறுக்கு பிழிகிறேன் என்பான்.

பாதி உண்மைதான். பீங்கான் மாவை இயந்திரம் அடுக்கடுக்காகப் பிழியும். எந்த அச்சிலும் வார்க்க முடியாத சுருள்கள், கூடுகள். சூளையில் சுட்டு, சூடான எண்ணெயில் அமிழ்த்தி, உயர் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். அதன்பிறகு, அழுத்தினால் அந்தத் துண்டே மின்சாரம் தரும். எந்தப் பக்கம் பிளஸ் என்று பார்த்தால் தெரியாது. எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு அவன் அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பான்.

எண்ணெய்ப் பெட்டியைத் திறந்தால் மின்சாரம் தானாக நிற்க ஒரு சுவிட்ச் உண்டு. அது அடிக்கடி வேலையைக் கெடுக்கிறதென்று பேராசிரியர் அதன்மேல் டேப் ஒட்டச் சொன்னார். ஒருநாள் சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லியிருந்தான்.

அவனுடைய இரங்கல் கூட்டத்தில் சமோசா கொடுத்தார்கள்.

பேராசிரியர் விரல்களைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். விதி என்றார். டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு அவளிடம் ஒரு கண்ணாடிப் பெட்டியை நீட்டினார். உள்ளே, வெல்வெட்டின்மேல் ஒரு வெள்ளைச் சுருள்.

"நம்ம லேப்லயே அதிக வோல்ட் தர்ற பீஸ் இதுதாம்மா. கடைசியா அவர் எண்ணெயில வெச்சது. ராத்திரி பூரா கரண்ட்லயே இருந்திருக்கில்ல, அதான்."

கைதட்டினார்கள்.

ராத்திரி பூரா.

ஷாக் அடித்து விழுந்ததுமே ஓடிப்போய்ப் பார்த்தோம் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சமோசா வாடை, அந்தக் கைதட்டல், மைக்கில் பட்டுப் பளபளத்த எண்ணெய்.

சுருளை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் புள்ளி இல்லை.

பேராசிரியருடைய தட்டில், கடித்து வைத்த சமோசாவுக்கும் சட்னிக்கும் நடுவில் அதை வைத்தாள்.

"ஐயோ, எண்ணெ பட்டுடும்மா!"

பாய்ந்து எடுத்துத் தன் வேட்டி நுனியால் துடைத்தார். இத்தனை வேகமாக அவரால் ஓடிவர முடியும்.

அவனுடைய மேசையிலிருந்த சாமான்களை வாசலில் ஒரு துணிப்பையில் கொடுத்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து திறந்தாள். ஸ்பூன். சீப்பு. நெயில் பாலிஷ்.

காய்ந்து கட்டியாகியிருந்தது.

மூடியை இந்தத் தடவையும் இறுக்கவில்லை.