பி நெகட்டிவ்

தண்டையார்பேட்டை மாடி அறையில் மதிய வெயில் லேப்டாப் திரைமேல் சாய்ந்து விழுகிறது. நவ்ரீன் துப்பட்டா முனையால் நிழல் பிடித்துப் பார்க்கிறாள். இணைப்பு மறுக்கப்பட்டது என்ற அதே சிவப்பு வரி. அவளுடைய அத்தா காஜா மொய்தீன் பதினைந்து வருடமாகத் தெருத்தெருவாக அலைந்து சேர்த்த, ரத்தம் கொடுப்பவர்களின் பெயர்கள் டேட்டாபேஸில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. அவள் எழுதிய ஆப்புக்குத்தான் அங்கே போகத் தெரியவில்லை. கீழே துறைமுக லாரி ஒன்று கடக்க, ஜன்னல் கம்பி அதிர்கிறது. "இன்னாம்மா, இன்னும் செவப்பாவே கீது?" என்கிறார் அத்தா. டேட்டாபேஸின் முகவரி இருக்கும் வரியை அவள் மறுபடி படிக்கிறாள். லோக்கல்ஹோஸ்ட். சிரிப்பு வந்துவிடுகிறது. "ஆப்பும் டேட்டாபேஸும் கம்ப்யூட்டருக்குள்ள தனித்தனி பொட்டி மாதிரி, தனித்தனி கன்டெய்னர்ல ஓடுது அத்தா. லோக்கல்ஹோஸ்ட்னு சொன்னா ஆப்பு தனக்குள்ளயே தேடிக்கினு கீது. டேட்டாபேஸ் கீற கன்டெய்னரோட பேரச் சொல்லணும்." அந்தச் சொல்லை அழித்து, டேட்டாபேஸ் கன்டெய்னரின் பெயரை அடித்து, மறுபடி ஓடவிடுகிறாள். திரையில் பெயர்கள் வரிவரியாக இறங்குகின்றன. அத்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படிக்கிறார். பாதியில் அவருடைய போன் அடிக்கிறது. பிரசவ வார்டிலிருந்து கேட்கிறார்கள், பி நெகட்டிவ். அவர் பெயர்கள் எழுதிவைத்த டைரியை எடுக்க எழுவதற்குள் நவ்ரீன் ஆப்பில் அந்த ரத்த வகையைத் தட்டித் தேடிவிடுகிறாள். மூன்று பெயர்கள் போன் எண்களோடு வந்து நிற்கின்றன. அவர் திரையையும் மகளையும் மாறி மாறிப் பார்க்கிறார். பிறகு முதல் எண்ணை அழுத்திப் போனைக் காதில் வைக்கிறார். "பெனிட்டோ, காஜா பேசறேன். சாப்ட்டியா நைனா?"