நாலு மணி மாஸ்டர்

"இருபத்தெட்டு வயசுக் கழுதைக்கு அம்மா சாக்ஸ் மாட்டி விடறா. நல்லா இருக்கு நியாயம்."

டிரில் மாஸ்டர் வாசலில் இருந்தே குரல் கொடுத்தார். ரிட்டயராகி ஆறு வருஷமாகியும் குரல் மட்டும் ரிட்டயராகவில்லை.

"குனிய முடியலைங்க அவனால. காலையில இடுப்பு கட்டையா இறுகிக் கிடக்கு," என்றாள் அம்மா.

"படுத்தாத்தான் வலிக்குதுப்பா. கொஞ்சம் நடந்தா விடுது," என்றான் மகன்.

"படுத்தா வலிக்குமா? எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கியாடா? எல்லாம் உங்கம்மா வம்சத்துச் சோம்பேறித்தனம். என்னைப் பாரு. முப்பது வருஷமா டாண்ணு நாலு மணிக்கு எழுந்து நடக்கறேன். இந்தத் தெருவே என்னைப் பாத்துத்தான் கடிகாரத்தைச் சரி பண்ணுது."

அது உண்மைதான். அதனால்தான் முப்பது வருஷமாக அம்மாவின் வம்சம் அந்த வீட்டில் படாத பாடு பட்டது.

ஆனால் இனி ஒரு நாள் லேட்டாக வந்தாலும் வேலை போய்விடும் என்று அச்சகத்தில் மகனிடம் சொல்லிவிட்டார்கள். அம்மா அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். குட்டு உடைவதைப் பார்க்க மாஸ்டரும் கூடவே கிளம்பினார்.

ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மல் என்று வந்தது. மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

"ரத்தம் பொய் சொல்லாது டாக்டர்."

"சில பேருக்கு இது நார்மலாவே இருக்கும் சார். ஸ்கேன்ல முதுகெலும்பு மூட்டு அழற்சி நல்லாவே தெரியுது. பி-27ன்னு ஒரு மரபணு, அதுவும் இருக்கு. அப்பா, அம்மா யார்கிட்டேருந்தாவது வந்திருக்கும்."

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க ரெண்டு பேருக்கும் அந்த டெஸ்ட் எடுங்க."

"அவசியமில்லை சார்."

"எனக்கு அவசியம். அவ வம்சம்தான்னு எழுத்துல வரட்டும்."

அடுத்த வாரம் எழுத்தில் வந்தது. அம்மாவுக்கு இல்லை. மாஸ்டருக்கு இருந்தது.

மாஸ்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் காகிதம்தான்.

"கவலைப்படாதீங்க," என்றார் டாக்டர். "இது இருக்கிற எல்லாருக்கும் வியாதி வர்றதில்லை. நீங்கதான் நாலு மணிக்கே எழுந்து நடக்கறீங்களே. எனக்கு அலாரம் வெச்சாலும் முடியலை. எப்படி சார் அவ்வளவு கரெக்டா எழுந்திருக்கறீங்க?"

மாஸ்டர் மகனைப் பார்த்தார். அவன் நாற்காலியில் உட்கார முடியாமல் நெளிந்துகொண்டிருந்தான்.

"அதுக்கு மேல படுத்திருக்க முடியாது டாக்டர்," என்றார், முதல் தடவையாக மெதுவான குரலில். "நடந்தாத்தான் விடும்."



அம்மா மாஸ்டர் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கி டாக்டர் பக்கம் நகர்த்தினாள்.

"ரெண்டு பேருக்குமே மருந்து எழுதிடுங்க டாக்டர். ஒரே வம்சம்தான்."