பெட்டியோடு இறங்கியவள்

கூடத்தில் நான், என் மனைவி, மகன், மருமகள், மாடி வீட்டுக்காரர் என ஐந்து பேர் இருக்கிறோம். மேசைமேல் இன்றைய வார இதழ் விரிந்து கிடக்கிறது. புதிதாக வரும் காதல் நாவல்களுக்கும் மர்ம நாவல்களுக்கும் என் மருமகள் மதிப்புரை எழுதும் பக்கம் அது. நாயகியே பேசுவதுபோல் தொடங்குவது அவள் பாணி. இந்த வாரம் நாவலின் பெயர் அச்சில் விடுபட்டிருக்கிறது. அவளுடைய புகைப்படத்துக்குக் கீழே, "பத்து வருஷம் பொறுத்துவிட்டேன். இன்று பெட்டியோடு இறங்குகிறேன்" என்று மொட்டையாக நிற்கிறது. காலையிலிருந்து உறவுக்காரர்களின் அழைப்பு ஓயவில்லை. இப்போதும் கைபேசி மேசையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்கிறது. எடுக்க யாரும் கை நீட்டவில்லை. மாடி வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை மறுபடியும் துடைக்கிறார். "கதைதானேம்மா?" என்கிறார். "கதைதான் சார். அடுத்த வாரம் வர்றவ கொலையே பண்றா. போலீஸ் வந்தா நீங்கதான் பேசணும்" என்கிறாள் மருமகள். யாரும் சிரிக்கவில்லை. மகன் நகத்தைக் கடிக்கிறான். வாசலருகே ஒரு நீலப் பெட்டி நிற்கிறது. என் கண் அங்கேயே போகிறது. என் வீட்டில் நடப்பதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. இன்று கேட்கிறேன். "அந்தப் பெட்டி எதுக்கும்மா?" அவள் எழுந்துபோய் ஜிப்பை இழுக்கிறாள். உள்ளே ஓரம் மடங்கிய பன்னிரண்டு நாவல்கள். "லைப்ரரில திருப்பிக் கொடுக்கணும் மாமா. பெட்டி கனமா இருக்குதேன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்." பெட்டியின் பிடியை நான் வாங்கிக்கொள்கிறேன். அவளோடு தெருவில் இறங்கியதும் எதிரே இரண்டு ஜன்னல்கள் திறக்கின்றன. மருமகளைப் பெட்டியோடு நான் துரத்திவிட்டதாக இப்போது பேச்சு. அது தவறு. இருட்டுவதற்குள் இருவரும் திரும்பிவிட்டோம். பெட்டியில் வேறு பன்னிரண்டு நாவல்கள் இருந்தன.